நாதிக் என்னும் சொல்லும் நாவடங்கியோர் மொழியும்

அரபி மதரஸாக்களில் மன்திக் எனப்படும் அளவை நூலை ஓதத் தொடங்கும் மாணவன், முதல் ஏடுகளிலேயே மனிதனுக்குரிய இலக்கணத்தைச் சந்திக்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதீருத்தீன் அப்ஹரீ இயற்றிய ‘ஈஸாகூஜீ’ என்னும் சிற்றேடுதான் நம் போன்றோர்க்கு அத்துறையின் தலைவாயில். மனிதன் ‘ஹயவான் நாதிக்’ என்று அத்துறையினர் வரையறுப்பர். ஹயவான் என்பது உயிர்ப்பிராணி. நாதிக் என்பதற்கு நேர்ப்பொருள் ‘பேசுவது’. உடனே குறும்புக்கார மாணவன் ஒருவன் எழுந்து, “அப்படியானால் ஊமை மனிதன் இல்லையா, உஸ்தாத்? கிளி மனிதனா?” என்று கேட்பான். இவ்வினா எழாத வகுப்பை நாம் இதுவரை கண்டதில்லை. ஆசிரியர் சொல்லும் விடையும் வழிவழி வந்ததே. ஈண்டுப் பேச்சென்பது நாவின் ஒலியன்று. பொதுமைகளை உணர்ந்து தேரும் உள்ளத்தின் ஆற்றல். நா அவ்வாற்றலின் ஏவலாள் மட்டுமே. ஏவலாள் இல்லாமற் போனால் எசமானும் இல்லையென்று ஆகிவிடாது.

இருபத்தைந்து ஆண்டுகளாக இவ்விடையைச் சொல்லிவந்த நமக்கு, அதன் முழுக்கனமும் விளங்கியது ஓர் ஆங்கில நூலைப் படித்தபோதுதான். ஏட்ரியன் ஓவன் என்னும் மூளையியல் ஆராய்ச்சியாளர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இன்டு த கிரே ஸோன்’ என்பதே அந்நூல். ‘சாம்பல் நிலத்தினுள்ளே’ என்று தமிழில் கூறலாம். இருளுமன்று, ஒளியுமன்று, வாழ்வென்றும் சாவென்றும் துணிந்து சொல்லவொண்ணாத எல்லைநிலம் என்பது கருத்து. ஆங்கிலேயராகிய ஓவன், கேம்பிரிட்ஜில் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பிரிவொன்றில் நெடுநாள் பணியாற்றிப் பின்னர்க் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். மூளையைப் படமெடுக்கும் கருவிகளைக் கொண்டு, நாவும் கையும் கண்ணும் அடங்கிப்போன நோயாளிகளின் உள்ளே உணர்வு எஞ்சியிருக்கிறதா என்று தேடுவதே அவர்தம் வாழ்நாட் பணி. அத்தேட்டத்தின் கதையே இந்நூல். அறிவியல் நூலாகவும் தன்வரலாறாகவும் ஒருங்கே நடக்கும் இதனைச் சற்றே நின்று மதிப்பிட விழைகின்றோம்.

முதற்கண் நோயின் தன்மையை அறிந்துகொள்வோம். விபத்தாலோ, மூச்சுத் தடையாலோ, கிருமித் தாக்குதலாலோ மூளை பெரிதும் அடிபட்டவர் முதலில் கோமா எனும் ஆழ்மயக்கத்தில் கிடப்பார். அதில் கண் திறப்பதில்லை. சில வாரங்களில் சிலருக்குக் கண் திறக்கும். உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். மூச்சு தானாக ஓடும். ஆனால் அழைத்தால் திரும்பார்; சொன்னால் செய்யார். இந்நிலைக்கு 1972ஆம் ஆண்டில் கிளாஸ்கோவின் ஜென்னட், நியூயார்க்கின் பிளம் என்னும் மருத்துவர் இருவர் ‘லான்செட்’ இதழில் ஒரு பெயர் சூட்டினர். தமிழில் அதைத் ‘தாவர நிலை’ என்றே எழுதிவருகிறோம்.

இப்பெயரிலேயே நமக்கு முதல் வழக்கு இருக்கிறது. உயிரின் ஆற்றல்களை இப்னு சீனா மூன்று படிகளாகப் பகுத்தார். உண்டு வளர்ந்து இனம்பெருக்குவது நஃப்ஸ் நபாதிய்யா, அதாவது தாவர உயிர். புலன்களால் அறிந்து அசைவது நஃப்ஸ் ஹயவானிய்யா. தேர்ந்து உணர்வது நஃப்ஸ் நாதிகா. தொல்காப்பிய மரபியலும் செடிகொடிகளை ஓரறிவுயிர் என்று தொடங்கி, மக்களை ஆறறிவுயிர் என்று முடிக்கின்றது. இரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாதவை. ஆயினும் படிக்கட்டு ஒன்றே. இப்படிக்கட்டில் மேற்படியில் நின்ற ஒருவர், மேற்படிக்குரிய செயலை நம் கண்ணுக்குக் காட்டவில்லை என்பதற்காக அவரைக் கீழ்ப்படியின் பெயரால் அழைப்பது முறைதானா? ‘காணவில்லை’ என்பது நம் பார்வையைப் பற்றிய கூற்று. ‘தாவரம்’ என்பதோ அவரைப் பற்றிய தீர்ப்பு. முன்னதைச் சொல்லவேண்டிய இடத்தில் பின்னதைச் சொல்லிவிட்டார்கள். 2010ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து ஸ்டீவன் லாரீஸ் முதலிய ஐரோப்பிய மருத்துவர்கள் இப்பெயரை விலக்கி, ‘துலங்கலற்ற விழிப்பு’ என்னும் பொருள்படும் பெயரை முன்மொழிந்தனர். கண்டதை மட்டும் சொல்லும் நேர்மை அதில் உண்டு. ஓவனோ தம் நூலில் பழைய பெயரையே பெரிதும் ஆள்கிறார். நூல் முழுவதும் எதனை மறுக்கின்றாரோ அதனையே நோயின் பெயராக எழுதிச் செல்வது ஒரு குறையே.

இனி அவர் கண்டவற்றுக்கு வருவோம். 1996ஆம் ஆண்டில் அவருக்கு முன்னர் நெருக்கமாயிருந்த பெண்மணி ஒருவர் மூளையில் குருதிக்குழாய் வெடித்து இந்நிலையில் வீழ்ந்தார். மறு ஆண்டில், 26 வயது ஆசிரியை ஒருவர், கிருமித் தாக்குதலைத் தொடர்ந்த மூளை அழற்சியால் துலங்கலற்றுக் கிடந்தவர், கேம்பிரிட்ஜில் ஓவன் குழுவினரின் படப்பிடிப்புக் கருவிக்குள் வைக்கப்பட்டார். குடும்பத்தாரின் முகங்கள் காட்டப்பட்டன. நலமுள்ளோர் முகம் பார்க்கும்போது மூளையில் எப்பகுதி கிளர்ச்சியுறுமோ, அப்பகுதி அவருக்கும் கிளர்ந்தது. நெஞ்சை உலுக்கும் செய்திதான். ஆயினும் ஓவனே ஒப்புவதுபோல், இஃது உணர்வுக்கு உறுதியான சான்றன்று. உறங்குவோன் காதிலும் ஒலி விழுகிறது; மூளை அதற்கு அசைகிறது. அசைவு வேறு, அறிவு வேறு.

இந்த இடைவெளியைக் கடந்ததே ஓவனின் பெருஞ்சாதனை. சாலை விபத்தில் அடிபட்டுத் தாவர நிலையினர் என்று முடிவுகட்டப்பட்ட 23 வயதுப் பெண் ஒருவரிடம், “நீங்கள் டென்னிஸ் ஆடுவதாக மனத்தில் எண்ணுங்கள்” என்று கருவிக்குள் வைத்துச் சொல்லப்பட்டது. பின்னர், “உங்கள் வீட்டு அறைகளுக்குள் நடந்து செல்வதாக எண்ணுங்கள்” என்று சொல்லப்பட்டது. முன்னதற்கு உடலசைவைத் திட்டமிடும் பகுதியும், பின்னதற்கு இடங்களை நினைவுகூரும் பகுதியும் கிளர்ந்தன. நலமுள்ள பன்னிருவரின் படங்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு காண இயலவில்லை. 2006ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளியாயிற்று. ‘டென்னிஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் மூளை தானாகத் துடித்ததாகாதா என்று சிலர் தடை எழுப்பினர். ஒரு சொல்லுக்கு எழும் தானியங்கு துடிப்பு நொடிப்பொழுதில் அடங்கும். இங்கோ முப்பது நொடி வரை, ‘இளைப்பாறுக’ என்று சொல்லும் மட்டும் கிளர்ச்சி நீடித்தது என்பது விடை. இத்தடையும் விடையும் நமக்கு மன்திக் வகுப்பையே நினைவூட்டுகின்றன. தடை வலுவானது, விடை அதனினும் வலுவானது.

இங்கே நிகழ்ந்தது என்ன? நம் நோக்கில் இது படம் என்னும் நிலையிலிருந்து பேச்சு என்னும் நிலைக்கு ஏறியதாகும். ஃபிக்ஹுச் சட்டத்தார் ஊமையின் சைகையை நாவின் சொல்லுக்கு நிகராக ஏற்பர். உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ச் சட்ட நூலின் பொது விதிகளிலும் இது இடம்பெற்றுள்ளது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சைகை ‘மஃஹூத்’, அதாவது முன்னரே பொருள் அறியப்பட்டதாக இருத்தல் வேண்டும். கை தற்செயலாக அசைந்ததைக் கொண்டு மணமுறிவோ விற்பனையோ தீர்மானிக்க முடியாது. ஓவன் செய்ததும் இதுவே. நலமுள்ளோரிடம் முதலில் சைகையின் பொருளை நிலைநிறுத்திக்கொண்டு, பின்னரே நாவடங்கியவரிடம் அச்சைகையைக் கேட்டார். ஆதலால் அது சான்றாயிற்று.

தமிழ் மரபிலும் இதற்கொரு விளக்கம் உண்டு. உள்ளத்து நிகழ்வு உடல்வழி வெளிப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். நகை, அழுகை முதலாக எட்டு வகை வகுத்து, காண்போர் கண்ணாலும் செவியாலும் உணரக்கூடியதாக அதனை அமைத்தார். மெய் முழுதும் வாயில் அடைத்துக் கிடக்கையில், உள்ளம் தன்னை வெளிப்படுத்த எஞ்சியது மூளைக் குருதியோட்டத்தின் மாற்றம் ஒன்றே எனில், அதுவும் மெய்ப்பாடே. அதைக் காணும் கண்தான் நமக்கு இல்லாதிருந்தது.

2010ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜும் லியேஜும் இணைந்து 54 நோயாளிகளை ஆராய்ந்தன. ஐவர் சொன்னவாறு மூளையை இயக்கிக் காட்டினர். அவருள் ஒருவரிடம் ‘ஆம்’ எனில் டென்னிஸையும், ‘இல்லை’ எனில் வீட்டையும் எண்ணுமாறு சொல்லி, தந்தையின் பெயர் போன்ற ஆறு வினாக்கள் கேட்கப்பட்டன. ஐந்துக்குச் சரியான விடை வந்தது. ஆறாவதற்கு? தவறான விடை வரவில்லை. எந்த விடையுமே வரவில்லை. உறங்கினாரா, களைத்தாரா, கேட்கவில்லையா, விடை சொல்ல மனமில்லையா? யாரும் சொல்ல முடியாது.

நூலின் உயிர்நிலை என்று நாம் கருதுவது இந்த ஆறாவது வினாவையே. ‘மஜல்லா’ விதிகளில் மற்றொன்றும் உண்டு. வாய்மூடியிருப்பவர் மீது எந்தச் சொல்லையும் ஏற்றிக் கூறலாகாது என்பதே அது. பேசவேண்டிய இடத்தில், பேச வல்லவர் காக்கும் மௌனத்துக்கு மட்டும் விலக்கு. பேச வல்லவரா என்பதே ஐயமாயிருக்கையில் அவரது மௌனத்தை ‘இல்லை’ என்று படிப்பது அநீதி. கருவி ஒன்றும் காட்டவில்லை என்பதும் ஒரு மௌனமே. 2024ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று இதனை நன்கு காட்டுகிறது. படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் துலங்காத 241 பேரில் 60 பேர், அதாவது நால்வரில் ஒருவர், மூளைக் கருவிகளில் மறைவாகத் துலங்கினர். செய்தித்தாள்கள் இதை மட்டுமே பெரிதாக எழுதின. அதே ஆய்வில், கட்டளைக்குக் கண்கூடாகத் துலங்கிய 112 பேரில் 43 பேருக்குத்தான் கருவியிலும் துலங்கல் தெரிந்தது. எஞ்சிய 69 பேர்? நம் கண்ணெதிரே கட்டளையை நிறைவேற்றியவர்கள் அவர்கள். கருவியோ அவர்களைப் பற்றி மௌனம் சாதித்தது. எனவே கருவியின் ‘ஆம்’ சான்றாகும். அதன் மௌனம் எதற்கும் சான்றாகாது.

கருவியின் தன்மை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. மூளைப் படம் என்று நாம் வழங்கினும், அது புகைப்படம் போன்றதன்று. எம்.ஆர்.ஐ. கருவி எண்ணத்தைக் காண்பதில்லை. நரம்புகளின் மின்துடிப்பைக்கூடக் காண்பதில்லை. வேலை செய்யும் பகுதிக்கு உயிர்வளி தாங்கிய குருதி மிகுந்து பாய, குருதிச் செம்பொருளின் காந்தத் தன்மை சிறிது மாறுகிறது. ஜப்பானியராகிய ஒகாவா 1990ஆம் ஆண்டில் கண்டறிந்த இம்மாற்றத்தையே கருவி அளக்கிறது. அதுவும் சில நொடிகள் தாமதித்து. பின்னர்க் கணக்கீடு நடந்து, வேறுபாடு மிக்க இடங்களுக்கு வண்ணம் தீட்டப்படுகிறது. கணக்கில் கவனமில்லையேல் எதுவும் வண்ணம் பெறும். 2009ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் செத்த சால்மன் மீனொன்றைக் கருவிக்குள் இட்டு, மனிதர் படங்களைக் காட்டி, தேவையான திருத்தமின்றிக் கணக்கிட்டனர். மீனின் மூளையிலும் ‘கிளர்ச்சி’ தெரிந்தது! திருத்தத்துடன் கணக்கிட்டதும் அது மறைந்தது. கேலிபோல் தோன்றினும் இது தன் துறையைத் தானே திருத்திக்கொள்ளும் நேர்மை. ஓவனின் நூலில் இத்தகைய தன்விசாரணை இன்னும் சற்று விரிவாக இடம்பெற்றிருக்கலாம்.

இரண்டாவது குறை, சொல்லை மிகுத்துக் கூறல். தாவர நிலையினர் என்று கருதப்படுவோரில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேர் வரை முழு உணர்வோடு உள்ளே இருக்கிறார்கள் என்னும் தொனி நூலில் ஓங்கி ஒலிக்கிறது. டென்னிஸ் ஆடுவதாக எண்ணச் சொல்ல, எண்ணிக் காட்டியவருக்கு மொழி விளங்குகிறது; நினைவு இருக்கிறது; சொன்னதைச் செய்யும் விருப்பம் இருக்கிறது. இம்மூன்றும் உறுதி. ஆயினும் பழைய மனம் சிறிதும் சிதையாமல் உள்ளே வீற்றிருக்கிறது என்பது இவற்றிலிருந்து பிறக்கும் முடிபன்று. முன்னுரைகளில் இல்லாதது முடிவுரையில் வரலாகாது என்பது நம் மாணவர்க்கு நாம் முதலில் கற்பிக்கும் விதி.

மூன்றாவது, கதைத் தேர்வு. விடையளித்தோர் கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 16 ஆண்டுகள் துலங்காது கிடந்த ஒருவருக்கு ஹிட்ச்காக் 1961இல் எடுத்த, குண்டு நிறைந்த துப்பாக்கியை விளையாட்டுப் பொருளென்று எண்ணித் திரியும் சிறுவனின் படத்தைக் காட்டியபோது, அவரது மூளை நலமுள்ள பார்வையாளரின் மூளையோடு ஒத்து ஏறியிறங்கிய செய்தி, 2014ஆம் ஆண்டில் வெளியானது; படிக்கையில் உடல் சிலிர்க்கிறது. ஆனால் அதைவிடப் பன்மடங்கினர் கருவிக்குள் சென்று எந்த விடையுமின்றி வெளிவந்தவர்கள். அவர்தம் தாய்மாரும் கணவன்மாரும் நூலின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். முற்கூறிய விதிப்படி அவர்களுக்குச் சொல்லவேண்டிய ஆறுதல் ஒன்று உண்டு: ‘விடை வரவில்லை என்பது விடையன்று’ என்பதே அது. அதை நூல் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இக்குறைகளைச் சொன்னபின்னும், நூலின் பெருமையில் நமக்கு ஐயமில்லை. 2012ஆம் ஆண்டில், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேச்சற்றுக் கிடந்த ஒருவரிடம், “உங்களுக்கு வலி இருக்கிறதா?” என்று ஓவன் குழுவினர் கேட்டனர். ‘இல்லை’ என்று விடை வந்தது. அவ்வினாவின் எளிமையை எண்ணிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக அவரைச் சுற்றி நடந்த பேச்சனைத்தும் அவரைப் பற்றியவை; இதுவோ அவரிடமே கேட்கப்பட்டது.

1997ஆம் ஆண்டின் ஆசிரியை பின்னர் மெல்ல மெல்லத் துலங்கித் தம் அனுபவத்தை எழுத்தால் தெரிவிக்கும் நிலையை அடைந்தார். உள்ளே இருந்தபோது தாங்கொணாத தாகம் வாட்டியதையும், வாய்வழி குழாய் செருகிச் சளி உறிஞ்சியபோது எதற்கென்று யாரும் சொல்லாததால் நடுங்கியதையும், மூச்சை அடக்கி உயிர்விட முயன்று இயலாமற் போனதையும் அவர் கூறியிருக்கிறார். நூலின் பிற பகுதிகள் மறந்தாலும் இப்பகுதி நம்மை விட்டு அகலாது. அவரைப் படுத்தியது நோய் மட்டுமன்று. ‘இவருக்கு ஒன்றும் தெரியாது’ என்ற முடிவும்தான்.

இதைப் படித்தபோது நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் ஒருவரின் கடைசி மாதங்கள் நினைவில் எழுந்தன. வாத நோயால் நாவும் உடலும் அடங்கி, கண் மட்டும் திறந்து கிடந்தார். பார்க்கச் சென்ற நாம் வீட்டாருக்கு ஸலாம் சொன்னோம், கட்டிலுக்குச் சொல்லவில்லை. “என்ன உண்கிறார்? எத்தனை நாள் தாங்கும்?” என்றெல்லாம் அவர் முகத்துக்கு மேலாகவே பேசிக்கொண்டோம். ‘ஹயவான் நாதிக்’ என்பதற்கு உரை சொல்லித் தந்த வாய் அது. அவர்முன் அவ்வுரையை மறந்தவர்கள் அவருடைய மாணவர்களாகிய நாமே. உள்ளே அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்பதை இனி எந்தக் கருவியும் சொல்லப்போவதில்லை. கேட்டிருக்கக்கூடும் என்று எண்ணி நடந்திருந்தால் நமக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

ஓவனின் கருவி விலையுயர்ந்தது, பெரிய நகரங்களிலேயே கிடைப்பது, எல்லார்க்கும் எட்டாதது. ஆனால் அவர் நூல் கற்பிக்கும் ஒழுக்கத்துக்குக் கருவி வேண்டியதில்லை. மேலே கண்ட 16 ஆண்டு நோயாளியை அவருடைய தந்தை, விடை ஏதும் வராத காலமெல்லாம், திரைப்படம் பார்க்க அழைத்துச் சென்றுகொண்டிருந்தார். கருவி பின்னாளில் கண்டதை அத்தந்தை முன்னரே நம்பி நடந்தார். ஒருவேளை கருவி ஒன்றும் காட்டாது போயிருந்தாலும் அவர் செய்தது தவறாகியிராது.

அடுத்த ஆண்டு மன்திக் வகுப்பில் அந்தக் குறும்புக்கார மாணவன் மீண்டும் எழுவான். ஊமை மனிதன் இல்லையா என்று கேட்பான். வழக்கமான விடையையே சொல்வோம். அதன்பின் கேம்பிரிட்ஜில் டென்னிஸ் ஆடிய அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்வோம். வகுப்பு முடிந்ததும், நோயாளி பார்க்கப் போகும் வீட்டில் முதல் ஸலாம் யாருக்கு என்பதையும் சொல்லி அனுப்புவோம்.